கோட்டைச் சுவர்களும் ஒரு தாயின் உயிரும்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்வோர், செஞ்சியை நெருங்கியதும் தம்மையறியாமல் தலை நிமிர்த்திப் பார்ப்பதுண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் பாறைகளை அடுக்கி வைத்தாற்போல் எழுந்து நிற்கும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தது நம் செஞ்சி ஒன்றே.

அந்த மூன்று குன்றுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தனித்தனியே நின்றால் அவை மூன்று பாறைக் குவியல்களே. அத்தகைய குன்றுகள் அவ்வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் கோட்டை என்று சொல்வதில்லை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து ஓடுகின்ற மதிற்சுவரே அவற்றைக் கோட்டையாக்கிற்று. பலம் குன்றில் மட்டும் இல்லை. குன்றுக்கும் குன்றுக்கும் இடையில் உள்ள இணைப்பிலும் இருக்கிறது.

இதே கோட்டை இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1690ஆம் ஆண்டு முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்தது 1698இல். ஒரு பேரரசின் படைக்கு எட்டு ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? கோட்டையின் வலிமை ஒரு காரணம். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து தாக்கி உணவும் தொடர்பும் வராமல் துண்டித்தது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் முற்றுகையிட்டோரின் பாசறைக்குள்ளேயே இருந்தது. தளபதி சுல்பிகார்கானுக்கும் ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷுக்கும் ஒத்துப்போகவில்லை. இளவரசர் பகைவருடன் இரகசியமாகப் பேசுகிறார் என்ற ஐயத்தின் பேரில், தளபதியே அவரைக் காவலில் வைக்கும் நிலை வந்தது. வீரர்களுக்குக் குறைவில்லை, பீரங்கிகளுக்கும் குறைவில்லை. ஒருவரை ஒருவர் நம்பி ஒரே நோக்கத்தோடு இயங்கும் தன்மையே குறைவாக இருந்தது. இறுதியில் கோட்டை விழுந்தபோது, உள்ளே இருந்த இராஜாராம் முன்னரே தப்பிச் சென்றுவிட்டிருந்தார்.

நலவாழ்வுப் பகுதியில் கோட்டைக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் மருத்துவமனைகளில் நிகழும் இழப்புகள் பலவும் இந்த முற்றுகையின் கதையையே வேறு வடிவில் சொல்கின்றன.

ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செஞ்சிக்கு அப்பால் ஒரு சிற்றூர். வீட்டின் மருமகள் இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து எடை பார்த்து, தம் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் செல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுக்கிறார்கள். ஹீமோகுளோபின் அளவு எட்டுக்கும் கீழே என்று ஆய்வக உதவியாளர் தம் நோட்டில் எழுதுகிறார். ஸ்கேன் மட்டும் தனியார் மையத்தில் எடுக்கப்படுகிறது. அந்தப் படம் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாக இருந்ததை மாமியார் அறிவார். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்பதற்காகப் பெண் அதை நிறுத்திவிட்டதைக் கணவர் அறிவார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஓர் இரவு வலி எடுக்கிறது. குழந்தை பிறக்கிறது. இரத்தம் நிற்கவில்லை. பேறுகாலத்திற்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கு, சிகிச்சை இல்லையேல் சுமார் இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. செஞ்சியிலிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வாகனம் வரவேண்டும்; மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் இருக்கவேண்டும்; மயக்க மருந்து கொடுப்பவர் இருக்கவேண்டும்; பொருந்தும் இரத்தம் இருக்கவேண்டும். இவர்களுள் எவருக்கும் இந்தப் பெண்ணின் இரத்தசோகை பற்றி முன்கூட்டியே தெரியாது.

இப்பெண் இறந்துபோனால் குற்றவாளி யார்? செவிலியரைக் கேளுங்கள், தம் பதிவேட்டைக் காட்டுவார். ஆய்வக உதவியாளர் தம் நோட்டைக் காட்டுவார். ஸ்கேன் எடுத்தவர் தம் அறிக்கையைக் காட்டுவார். வாகன ஓட்டுநர் தாம் அழைப்பு வந்த உடனே புறப்பட்டதைச் சொல்வார். அத்தனையும் உண்மை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். ஆயினும் ஒரு குழந்தை தாயில்லாமல் ஆயிற்று. மரணம் எந்த ஒரு மனிதரின் கையிலும் நிகழவில்லை. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் நிகழ்ந்தது.

இந்த இடைவெளியை ஆராய்வதற்கென்றே அறிஞர்கள் சில கோட்பாடுகளை வகுத்திருக்கிறார்கள். அமைப்பியல் என்றும் நிறுவனக் கோட்பாடு என்றும் பல்கலைக்கழகங்களில் பேசப்படும் அவை, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசத்தக்கவையே.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் நிறுவனங்களைப் பற்றிச் சொன்னது முதல் படி. அவர் 1920இல் மறைந்தார். அலுவலகம் என்பது வேலைப் பங்கீடு, எழுதப்பட்ட விதி, மேல் கீழ் என்ற படிநிலை, பதிவேடு ஆகியவற்றால் இயங்குவது என்று அவர் விளக்கினார். இதன் நன்மையை மறுக்க முடியாது. ஆள் மாறினாலும் வேலை நிற்பதில்லை. முகம் பார்த்துச் சலுகை தரவும் வழியில்லை. ஆனால் இதன் நிழலும் உடன் வருகிறது. ‘என் வேலை இதோடு முடிந்தது’ என்று சொல்லும் உரிமையை அது ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுகிறது. நாம் மேலே கண்ட இல்லத்தில் நிகழ்ந்தது அதுவே.

இரண்டாவது படியைத் தந்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த உயிரியல் அறிஞர் லுட்விக் வான் பெர்ட்டலான்ஃபி. பொது அமைப்புக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் 1968இல் வெளிவந்தது. ஓர் உயிரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் படித்தால் உயிர் விளங்காது. உறுப்புகளுக்கு இடையே உள்ள உறவைப் படிக்கவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அதே காலத்தில், 1966இல், டேனியல் காட்ஸ், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இக்கருத்தை நிறுவனங்களுக்குப் பொருத்தினர். நிறுவனம் என்பது நான்கு சுவருக்குள் மூடிய பெட்டி அன்று. வெளியிலிருந்து ஆளும் பொருளும் செய்தியும் வந்துகொண்டே இருக்கும் திறந்த அமைப்பு என்றனர். அப்படியானால் மருத்துவமனை எங்கே தொடங்குகிறது? அதன் வாயிற்கதவில் அன்று. உங்கள் வீட்டுச் சமையலறையில், மாத்திரை நிறுத்தப்பட்ட அந்த நாளில் தொடங்குகிறது.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலைப் பார்த்தவர்கள், அங்கே தண்ணீர் மண்குழாய்களின் வழியே கொண்டுவரப்பட்டதைக் கேட்டிருப்பார்கள். குளத்தில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதுமா? குழாய் ஓரிடத்தில் உடைந்தாலும் மகாலில் தாகம்தான். செய்தியும் அப்படியே. ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழ் என்ற செய்தி ஒரு நோட்டில் தேங்கிக் கிடந்தது. குழாய் இல்லாமையால் அது பிரசவ அறைக்கு வந்து சேரவில்லை.

மூன்றாவது படி, தவறுகளைப் பற்றியது. ஆங்கிலேய உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ரீசன் 1990ஆம் ஆண்டு முதல் ஒரு கருத்தை எடுத்துச் சொல்லி வந்தார். ஆபத்துக்கு எதிராக ஒவ்வொரு நிறுவனமும் பல தடுப்புகளை வைத்திருக்கிறது. எந்தத் தடுப்பும் முழுமையானதன்று. ஒவ்வொன்றிலும் துளைகள் உண்டு. துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்தினாற்போல் அவை நிற்கின்றன. ஒன்றின் துளையை மற்றொன்று மறைப்பதால் பெரும்பாலான நாட்களில் நாம் தப்பிக்கிறோம். எல்லாத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும் நாளில் விபத்து நேர்கிறது. நம் நாட்டார் இதைச் சல்லடைகளை அடுக்கி வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்வர்.

நான்காவது படி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் டானியெல் தமூர் என்ற செவிலியத்துறை அறிஞரும் அவருடைய தோழர்களும் நான்கு வட்டாரங்களில் தாய் சேய் நலப் பணிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மருத்துவ ஊழியர்கள் சேர்ந்து பணியாற்றுவதை அளக்க அவர்கள் நான்கு அளவுகோல்களைக் கொண்டனர். எல்லோருக்கும் பொதுவான நோக்கம் இருக்கிறதா? ஒருவரை ஒருவர் அறிந்து நம்புகிறார்களா? யார் எதைச் செய்வது, செய்தியை எவ்வாறு பரிமாறுவது என்பதற்கு எழுதப்பட்ட முறை உண்டா? இவற்றையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் தலைமை உண்டா? இந்நான்கையும் வைத்து, ஒத்துழைப்பு செயலில் இருக்கும் இடம், வளர்ந்துவரும் இடம், விதையளவில் உறங்கும் இடம் என்று மூன்று வகை பிரித்தனர்.

இக்கேள்விகளைப் படிக்கும்போது சுல்பிகார்கானின் பாசறை உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? பொது நோக்கம் இல்லை, நம்பிக்கை இல்லை, தலைமை பிளவுண்டது.

வெளிநாட்டு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் மாநிலம் இதை ஏட்டில் படிக்குமுன்னரே நடைமுறையில் செய்து பார்த்திருக்கிறது என்பதே என் பதில்.

ஒரு இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் எத்தனைத் தாய்மார் இறக்கின்றனர் என்பதைப் பேறுகால மரண விகிதம் என்பர். இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2001–03 ஆண்டுகளில் தமிழகத்தில் அது 134. அதே காலத்தில் நாடு முழுவதற்கும் 301. 2018–20 ஆண்டுகளில் தமிழகம் 54; நாடு 97. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

இது எதனால் ஆயிற்று? ஒரே ஓர் அதிசய மருந்தினால் அன்று. 1990களிலிருந்து இம்மாநிலம் பேறுகால மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டது. இறந்த தாயின் வீட்டுக்குச் சென்று, என்ன நடந்தது, எப்போது வலி வந்தது, எந்த வாகனத்தில் சென்றீர்கள், எங்கே காத்திருந்தீர்கள் என்று கேட்டறிகிறார்கள். பின்னர் அந்தப் பெண் கடந்துசென்ற ஒவ்வொரு நிலையத்தின் பணியாளரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேசுகிறார்கள். ‘யார் கொன்றது?’ என்பதைவிட ‘எங்கே தாமதமாயிற்று?’ என்ற கேள்வியே அங்கு முதன்மை பெறவேண்டும் என்பது அவ்வழக்கத்தின் அடிப்படை.

தாமதம் என்றதும் இன்னொரு ஆய்வைச் சொல்லவேண்டும். செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு பெண் அறிஞர்கள் 1994இல், தாய்மாரின் மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் உள்ளன என்று எழுதினர். மருத்துவ உதவி தேவை என்று முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். சென்றடைந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழகம் செய்தவற்றை இம்மூன்றின் கீழும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2008 செப்டம்பரில் 108 ஊர்தி வந்தது. அது இரண்டாவது தாமதத்துக்கு மருந்து. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் இரவு பகலாக முறைவைத்துப் பணியாற்றும் ஏற்பாடும், அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, இரத்தம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ‘சீமாங்’ மையங்களும் மூன்றாவது தாமதத்துக்கு மருந்து. கருவுற்ற பெண்ணைக் கணினியில் பதிந்து எண் கொடுக்கும் ‘பிக்மி’ முறை, நாம் பேசிய அந்த உடைந்த குழாயைச் செப்பனிடும் முயற்சி. விழுப்புரத்துக்கென முண்டியம்பாக்கத்தில் 2010இலும், திருவண்ணாமலையில் 2013இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதால் செஞ்சி வட்டாரத்தார்க்கு இரு திசையிலும் பெரிய மருத்துவமனை கிடைத்தது.

இத்தனையும் இருந்தும், ஊர்தியும் கட்டடமும் கணினியும் மட்டும் ஒத்துழைப்பை உண்டாக்கிவிடா. இதற்கு ஒரு சான்று உலக அளவில் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர் சரியா, எந்தப் பக்கம் அறுக்கவேண்டும், ஒவ்வாமை உண்டா, பஞ்சுகளின் எண்ணிக்கை சரியா என்பன போன்ற எளிய கேள்விகள். அவற்றுள் ஒன்று, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவேண்டும் என்பது. புதுடில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்திய மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தனர். ஒரு தாள் இத்தனை உயிரைக் காத்ததா என்று உலகம் வியந்தது.

ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் அதே பட்டியலை மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கி, 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014இல் வெளியிட்டபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. இந்த முரண்பாட்டுக்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் சொல்கின்றனர். அவற்றுள் ஒன்று நமக்கு நன்கு புரியும். ஒரு தாளை உள்ளத்தோடு நிறைவேற்றுவது வேறு. மேலிடம் கேட்கிறதே என்று கட்டங்களில் குறியிடுவது வேறு.

அமெரிக்க அறிஞர் ஜோடி ஹாஃபர் கிட்டெல் ஒன்பது மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2000இல் கண்டதும் இதுவே. மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோரிடையே பொது நோக்கமும், பரஸ்பர மரியாதையும், உரிய நேரத்தில் உண்மையான செய்திப் பரிமாற்றமும் மிகுந்திருந்த இடங்களில், நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் வலி குறைவாக இருந்தது. அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன.

மரியாதை வலியைக் குறைக்குமா? குறைக்கும். எவ்வாறு என்பதை எண்ணிப் பாருங்கள். பிரசவ அறையில் நள்ளிரவில் தாயின் அருகில் இருப்பவர் செவிலியர். இரத்தப்போக்கு வழக்கத்துக்கு மேல் செல்வதை முதலில் காண்பவர் அவர். மருத்துவரை எழுப்பினால் திட்டு விழுமோ என்று அவர் அரை மணி நேரம் தயங்கினால், அந்த அரை மணி நேரம் அந்தத் தாயின் கணக்கிலிருந்து கழிகிறது. நம் சமூகத்தில் மேல் கீழ் என்ற எண்ணம் ஆழமானது. மருத்துவரிடம் செவிலியர் பேசத் தயங்குகிறார். செவிலியரிடம் உதவியாளர் பேசத் தயங்குகிறார். இவர்கள் எவரிடமும் நோயாளியின் வீட்டார் பேசத் தயங்குகின்றனர். கீழிருந்து மேலே செல்லவேண்டிய செய்தி ஒவ்வொரு படியிலும் மெலிந்து, இறுதியில் உச்சியை அடையும்போது ஒன்றுமில்லாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டியில், பல்வேறு மருத்துவத் தொழில்களைக் கற்போர் மாணவப் பருவத்திலேயே ஒருவரோடொருவர் சேர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டும் என்று வலியுறுத்தியதன் நோக்கம் இதுவே. சேர்ந்து படித்தவரிடம் பேசத் தயக்கம் இராது அன்றோ!

நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1284ஆம் ஆண்டு கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில் நோய்களுக்கேற்பத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. மருத்துவரும், மருந்து தயாரிப்போரும், பணிவிடை செய்வோரும், சமையற்கூடத்தாரும் ஒரே வக்ஃபின் வருவாயில் ஊதியம் பெற்றனர். அந்நகரங்களில் சந்தையின் எடை அளவுகளைக் கண்காணித்த முஹ்தஸிபின் பார்வையில் மருத்துவரும் மருந்து விற்போரும் கூட இருந்தனர். ஒரே கூரை, ஒரே நிதி, ஒரே கண்காணிப்பு. அக்காலத்தார் அமைப்பியல் என்ற சொல்லை அறியார், பொருளை அறிந்திருந்தனர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘எல்லாம் அமைப்பின் குறை என்று சொல்லிவிட்டால், கவனக்குறைவானவர் தப்பித்துக்கொள்ள மாட்டாரா? என் மகளை இழந்த எனக்கு அமைப்பு என்ற சொல் ஆறுதல் தருமா?’ என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்பது நியாயம். பணிக்கு வராமல் வந்ததாகக் கையெழுத்திட்டவரையும், பணம் தந்தால்தான் தொடுவேன் என்றவரையும் எந்தக் கோட்பாடும் காப்பாற்றக்கூடாது. அவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஆயினும் ஒருவரைத் தண்டித்துவிட்டு, துளையை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த மாதம் வேறொரு நல்ல ஊழியர் அதே துளையில் விழுவார். வேறொரு மகள் போவாள். தண்டனை, நடந்ததற்குக் கணக்கு. செப்பனிடுதல், நடக்கப்போவதற்குக் காப்பு. இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றைச் செய்துவிட்டதாக எண்ணிவிடக்கூடாது.

இனி, வாசகர்களே, உங்களிடம் வருகிறேன். மூன்று தாமதங்களுள் முதலாவதை மட்டும் நான் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தேன். முடிவு செய்வதில் தாமதம். அதை நிகழ்த்துவது எந்த அலுவலகமும் அன்று, நம் வீடு. ‘அவர் வரட்டும்’, ‘பெரியவரிடம் கேட்டுக்கொண்டு போகலாம்’, ‘முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது, விடியட்டும்’, ‘பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்துப் புறப்படலாம்’. இவ்வாறு சொல்பவர்கள் அந்தப் பெண்ணை நேசிப்பவர்களே. ஆனால் இரத்தம் நேசத்துக்குக் காத்திருப்பதில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! அவருடைய தொலைபேசி கிடைக்கும்வரை ஊர்தியை அழைக்காமல் இருப்பது என்ன முறை?

ஆகவே சில செயல்களை உங்கள் வீட்டில் இன்றே தொடங்குங்கள்.

முதலாவது, கருவுற்ற பெண்ணின் தாய் சேய் நல அட்டை, இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் படம், முன்பிரசவத்தின் சீட்டு ஆகிய அனைத்தும் ஒரே உறையில் இருக்கட்டும். தனியாரிடம் பார்த்ததும் அரசிடம் பார்த்ததும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த உறை அலமாரியில் அன்று, கதவருகே தொங்கட்டும். மருத்துவ ஊழியர்களை இணைக்கும் மதிற்சுவர் இன்னும் முழுமையாகாத இடத்தில், அந்த உறையே சுவர்.

இரண்டாவது, அவசரம் வந்தால் யாரையும் கேளாமல் 108ஐ அழைக்கும் உரிமை அந்த வீட்டின் பெண்களுக்கு உண்டு என்பதை, ஏழாம் மாதத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் வீட்டுத் தலைவர் வாயால் சொல்லிவிடட்டும். எந்த மருத்துவமனை, உடன் செல்பவர் யார், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார், இரத்தம் கொடுக்க அணியமாயிருப்பவர் யார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாவது, மறைக்காதீர்கள். மாத்திரை நிறுத்தியது, நாட்டு மருந்து உட்கொண்டது, முன்பு கரு கலைந்தது ஆகிய எதையும் செவிலியரிடம் சொல்லத் தயங்கவேண்டாம். திட்டுவாரோ என்று அஞ்சி மறைத்த செய்தி, பிரசவ அறையில் எவரும் அறியாத துளையாக மாறும்.

நான்காவது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பப்படும்போது மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். ‘ஏன் அனுப்புகிறீர்கள்? இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்? அங்கே இருப்பவருக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா?’ பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. கைமாறும் இடத்தில்தான் உயிர் நழுவுகிறது என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

ஐந்தாவது, வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரை வாசலில் நிறுத்தாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். வெயிலில் பல ஊர்களுக்கு நடப்பவர் அவர். உங்கள் மருமகளின் முழுக் கதையையும் அறிந்திருக்கக்கூடிய ஒரே ஊழியர் அவரே. அவரிடம் நீங்கள் காட்டும் மரியாதை, அவர் உங்களுக்காக மருத்துவரிடம் துணிந்து பேசும் சொல்லாகத் திரும்பி வரும்.

இவை பேறுகாலத்துக்கு மட்டும் உரியன அல்ல. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று மூன்று மருத்துவரிடம் செல்லும் உங்கள் பெரியவருக்கும் பொருந்தும். ஒருவர் எழுதிய மாத்திரையை மற்றவர் அறியாமல், ஒரே மருந்தை இரு பெயரில் உட்கொள்ளும் முதியோர் பலர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலரும் செவிலியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரே தட்டில் எடுத்து வைத்துக் காட்டுங்கள். அந்த ஒரு தட்டு, மூன்று மருத்துவரையும் ஒரே அறையில் அமர்த்தியதற்குச் சமம்.

அடுத்த முறை நீங்கள் செஞ்சி வழியே செல்லும்போது, பிள்ளைகளுக்கு அந்த மதிலைக் காட்டுங்கள். குன்றுகளை இறைவன் படைத்தான். அவற்றை இணைக்கும் சுவரைக் கட்டியவர் மனிதர் என்று சொல்லுங்கள். நம் வட்டாரத்தில் நல்ல மருத்துவர்களும் நல்ல செவிலியர்களும் இருக்கிறார்கள். சுவர் கட்டும் வேலையில் ஒரு பகுதி அவர்களுடையது. ஒரு பகுதி அரசினுடையது. ஒரு பகுதி, கதவருகே ஓர் உறையைத் தொங்கவிடும் உங்களுடையது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் சந்திப்போம்.